மலை ஊரில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு நடைப்பயிற்சி: முதலில் இறக்கத்துக்குத் தயாராகுங்கள்

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வசிக்கும் பெரியவர்கள் மேடு ஏறத்தான் பயப்படுவார்கள். மூச்சு வாங்கும், உண்மைதான். ஆனால் முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதில் வலுவில்லை என்றால் பாரம் மூட்டில் இறங்கும். எனவே முதல் வேலை வீட்டுக்குள்தான்.

படி 1: நாற்காலி. கை வைக்காத, சுமார் 17 அங்குல உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, பாதங்களைச் சற்றே பின்னிழுத்து, முன்னால் சாய்ந்து எழுங்கள். உட்காரும்போது நான்கு எண்ணி மெதுவாக இறங்குங்கள். பலன் முழுக்க அந்த நான்கு எண்ணிக்கையில்தான் இருக்கிறது. கடைசி சாணில் தொப்பென்று விழுந்தால் பயிற்சி வீண். முழங்கால்கள் உள்பக்கம் மடங்கக் கூடாது. மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். எழ முடியாவிட்டால் கம்பளியை மடித்துப் போட்டு இருக்கையை உயர்த்துங்கள். 8 முறை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

65–69 வயதில் 30 விநாடிக்குள் ஆண்கள் 12, பெண்கள் 11 முறைக்குக் குறைவாக எழுந்தால், விழும் ஆபத்து அதிகம் என்று பொருள். அவர்கள் சரிவுக்கு அவசரப்பட வேண்டாம்.

படி 2: சமதளம். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய சாலை சுமார் 5 கி.மீ.; பெரும்பாலும் சமதளம். முழுச் சுற்றும் வேண்டாம். 10 நிமிடம் போய்த் திரும்புங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். சமவெளியிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் பாதி வேகத்தில் நடக்கட்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய கால் பங்கு குறைவு.

வெயில் வந்தபின் கிளம்புங்கள். விடியற்காலைக் குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், டிசம்பர், ஜனவரியில் உறைபனி வழுக்கும், காட்டெருமையும் சாலையில் நிற்கும்.

படி 3: சரிவு. இரண்டு மூன்று வாரம் கழித்து, 50 அடி தூர இறக்கம் மட்டும். தசைவலி அன்றே தெரியாது, அடுத்த ஓரிரு நாளில்தான் வரும். அதனால் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துக் கூட்டுங்கள். அடி சின்னதாக, முழங்கால் லேசாக மடங்கியே இருக்கட்டும். பயத்தில் பின்னால் சாய்கிறவர்கள்தான் பாசியில் குதிகால் வழுக்கி விழுகிறார்கள்.

கைத்தடியின் பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை உயரத்தில் இருக்க வேண்டும். வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள். படிக்கட்டில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில்.

நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள். இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்கவும்.

குளிரில் தாகம் தெரியாது. திரும்பியதும் வெதுவெதுப்பாக ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். சர்க்கரை நோயாளிகள் காலுறையைக் கழற்றி உள்ளங்காலைப் பாருங்கள். விறைத்த காலைக் கணப்பின் பக்கம் நீட்டவே வேண்டாம். மரத்த பாதத்துக்குச் சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகே தெரியும்.