சாஃப்ட்பாலில் பண்ட்: பந்தை அடிக்காமல் வாங்குவது எப்படி?

மட்டையை வீசாமல், பந்தை மட்டையில் மெல்ல வாங்கி அருகிலேயே உருளவிடுவதுதான் பண்ட். அதைச் செய்யத் தொடங்குபவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: கடைசி நொடியில் மட்டையால் பந்தைக் குத்துகிறார்கள். பந்து நேராக பிட்சர் (பந்து வீசுபவர்) கைக்குப் போய்விடுகிறது. பண்டில் அடி என்பதே கிடையாது. நிறைகுடத்தைக் கைமாற்றி வாங்கும்போது கை தானாகச் சற்றுப் பின்வாங்குமே, அந்த அசைவுதான் வேண்டும்.

பந்தை வேகமாக வீசும் ஃபாஸ்ட்பிட்ச் ஆட்டத்துக்கு மட்டுமே இது பொருந்தும். மெதுவாக வீசும் ஸ்லோபிட்சில் பண்ட் செய்தால் அவுட்.

படி 1: நிற்பது

பேட்டர் கட்டத்தின் (மட்டையாளர் நிற்கும் கட்டத்தின்) முன்பகுதிக்கு வாருங்கள். மட்டை ஹோம் பிளேட்டுக்கு (கட்டத்தை ஒட்டித் தரையில் பதித்த தகட்டுக்கு) முன்னால் இருந்தால் பந்து ஃபவுலாகும், அதாவது ஆட்ட எல்லைக்கு வெளியே போகும் வாய்ப்பு குறையும். பிட்சர் கையைச் சுழற்றத் தொடங்கியதும் பாதங்களை ஊன்றியபடியே திருப்பி, இடுப்பையும் தோளையும் அவர் பக்கம் கொண்டுவாருங்கள். முழங்கால் மடங்கியிருக்கட்டும். பந்து மட்டையில் படும்போது ஒரு பாதம் முழுவதும் கோட்டுக்கு வெளியே தரையில் இருந்தாலோ, ஹோம் பிளேட்டை மிதித்திருந்தாலோ அவுட்.

படி 2: பிடி

இங்கே அவசரப்படாதீர்கள். வலக்கை ஆட்டக்காரர் என்றால் இடக்கை கைப்பிடியிலேயே இருக்கட்டும். வலக்கையை மட்டை பருக்கத் தொடங்கும் இடம்வரை நகர்த்துங்கள். அங்கே மட்டையைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. விரல்களை மடக்கி முட்டியாக்கி மட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, மடங்கிய ஆள்காட்டி விரலின் மேல் மட்டையை வைத்துக் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். பிட்சர் பக்கம் இருந்து பார்த்தால் உங்கள் விரல் ஒன்றுகூடத் தெரியக் கூடாது. தெரிந்தால், வேகமாக வரும் பந்து அந்த விரலை நசுக்கிவிடும்.

படி 3: உயரம்

மட்டையை ஸ்டிரைக் எல்லையின் (பந்து சரியாக வீசப்பட்டதாகக் கொள்ளப்படும் பகுதியின்) மேல்விளிம்பில், முனை கைப்பிடியைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி வையுங்கள். அதற்கு மேலே வரும் பந்தை விட்டுவிட்டு மட்டையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். கீழே வந்தால் முழங்காலை மடக்கி உடலோடு இறங்குங்கள். கையை மட்டும் இறக்கினால் முனை தாழும், பந்து மேலே எழும்பும், உங்களுக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் சிரித்துக்கொண்டே பிடிப்பார்.

படி 4: வாங்குவது

பந்து மட்டையின் நடுவில் அல்ல, முனையை ஒட்டிப் படவேண்டும். வேகம் அங்கேதான் செத்துப்போகும். படும் நொடியில் மேல்கை, அதாவது மட்டை பருக்கும் இடத்தில் உள்ள கை, சற்றுத் தளரட்டும்.

திசையைக் கைப்பிடியில் உள்ள கீழ்க்கை பார்த்துக்கொள்ளும். வலக்கை ஆட்டக்காரர் கைப்பிடியை உடல் பக்கம் இழுத்தால் பந்து இடப்புறம் உள்ள மூன்றாம் பேஸ் (ஓடித் தொடவேண்டிய இடம்) பக்கமும், முன்னே தள்ளினால் வலப்புறம் உள்ள முதல் பேஸ் பக்கமும் உருளும். பந்து வரும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள்.

படி 5: ஓடுவது

பந்து தரையைத் தொட்ட பிறகு ஓடுங்கள். பேஸ்களுக்கு இடையே இருப்பது 60 அடிதான் என்பதால் எல்லோருக்கும் முன்கூட்டியே ஓடத் தோன்றும். கால் கிளம்பினால் கண்ணும் கிளம்பிவிடும், மட்டை ஆடும்.

இரண்டு ஸ்டிரைக் விழுந்த பிறகு பண்ட் ஃபவுலானால் அவுட். புதியவர்கள் அந்த நிலையில் முயலாமல் இருப்பதே நல்லது.

பயிற்சிக்கு முதலில் மட்டையே வேண்டாம். மேல்கையில் கையுறை மாட்டி, பண்ட் நிலையில் நின்று, மெதுவாக வீசப்படும் பந்துகளை முகத்துக்கு முன்னால் பிடியுங்கள். இருபது பந்துகள் சத்தமில்லாமல் கையுறைக்குள் அடங்கினால் மட்டையை எடுக்கலாம்.