யாழ்ப்பாண நகரில் மரம் நிற்கிற வளவு தேடுவோர் விடுகிற பிழைகள்

நல்லூர், கந்தர்மடம், சுண்டிக்குளி, கொழும்புத்துறை. மரங்களோடு ஒரு வளவு, ஒழுங்கைக்குள் ஒதுங்கின ஒரு வீடு என்று தேடுகிறவர்கள் இந்தப் பெயர்களைத்தான் முதலில் சொல்வார்கள். வாங்குகிற ஆட்கள் மாறுகிறார்கள், விடுகிற பிழைகள் அப்படியே இருக்கின்றன. காணி உறுதியைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது, தரகரின் பேச்சை மட்டும் நம்பக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவை இங்கே இல்லை. உறுதியைப் பார்த்து, நொத்தாரிசுக்குக் காசு கட்டி, காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகும் தலையிடியாக நிற்கிறவை மட்டும்.

பிரிபடாத பங்கை வேலியைப் பார்த்து வாங்குவது

மற்றப் பிழைகளுக்குக் காசோடு பரிகாரம் உண்டு. இது காசையும் தின்று வருடங்களையும் தின்னும். வழக்கமாக நடப்பது இப்படி. தகப்பன் பெயரில் எட்டுப் பரப்பு வளவு (ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ், அல்லது 18 குழி). மரணசாதனம் எழுதாமல் இறந்துவிட்டார். பிள்ளைகள் நாலு பேர். ஒருவர் கனடா, ஒருவர் லண்டன், மூன்றாமவர் காலமாகி அவருடைய பிள்ளைகள் ஜேர்மனியில், கடைசி மகன் ஊரில். ஊரில் இருப்பவர் தன் பக்கத்து இரண்டு பரப்பை வேலி அடைத்து, படலை வைத்து, வீடு கட்டிக் காலங்காலமாக இருக்கிறார். வாங்க வருகிறவர் அந்த வேலியைப் பார்க்கிறார், முற்றத்து மாமரத்தைப் பார்க்கிறார், விலை பேசுகிறார். உறுதியில் எழுதப்படுவதோ எட்டுப் பரப்பில் பிரிபடாத நாலில் ஒரு பங்கு. அதாவது அவர் வாங்கியது அந்த இரண்டு பரப்பை அல்ல. எட்டுப் பரப்பின் ஒவ்வொரு குழியிலும் கால்வாசி உரித்தை.

கேட்டால் விற்பவர் சொல்வார்: "ஐயா, எல்லாரும் எங்கட ஆக்கள்தான். ஒருத்தரும் வந்து கேட்கமாட்டினம்." இந்த ஒரு வசனத்துக்காகக் கோடிக்கணக்கில் காசு கை மாறுவதைப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது. கேட்கமாட்டார்கள் என்றால் ஒரு பிரிவினை உறுதியில் கையெழுத்து வைப்பதற்கு என்ன தயக்கம்?

"முப்பது வருடமாக இருக்கிறார், ஆட்சி அவருக்குத்தானே" என்பது அடுத்த சமாதானம். 10 வருடம் தடையில்லாமல் ஆண்டால் உரித்து வரும் என்பது பிறத்தியாருக்கு எதிராகச் சரி. கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் தனியே இருந்தால், மற்றப் பங்காளிகளுக்காகவும் சேர்த்தே இருந்தார் என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அவர்களுடைய உரித்தை வெளிப்படையாக மறுத்ததையும், அதன்பிறகு 10 வருடம் கடந்ததையும் அவர் நிரூபிக்கவேண்டும். போதாததற்கு, போர்க் காலத்தில் தங்கள் காணிக்கு உரிமை கோர முடியாமற் போனவர்களுக்காக 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தை இந்த ஆட்சிக் கணக்கிலிருந்து கழிக்க அது வழி செய்தது. ஊரை விட்டு ஓடினவர்களின் பங்கு கிடக்கிற வளவில் வருடக் கணக்கைச் சொல்லி வாங்குவது எவ்வளவு ஆபத்து என்று இதிலேயே விளங்கும்.

இனித் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். வட மாகாணக் காணியில் பிரிபடாத பங்கொன்றை வெளியாள் ஒருவருக்கு விற்பதற்கு முன், கூட்டுச் சொந்தக்காரருக்கும் விற்பவரின் வாரிசாகக் கூடியவர்களுக்கும் முறைப்படி அறிவித்தல் கொடுக்கவேண்டும். முதலில் வாங்கும் உரிமை அவர்களுடையது. 1947 இன் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. தொலைபேசியில் "அண்ணைக்குச் சொல்லிப்போட்டன்" என்பது அறிவித்தல் ஆகாது. அறிவித்தல் இல்லாமல் விற்றால், லண்டனில் இருப்பவர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், காசைக் கட்டி, காணியைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். முத்திரை வரியை மிச்சம் பிடிக்க உறுதியில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று கொடுத்தவர் அந்த வழக்கில் எந்த விலையைச் சொல்லி நிற்பார்?

அந்த மிச்சமும் பெரிய மிச்சம் இல்லை. முத்திரை வரி முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 3 கோடி ரூபா வீட்டுக்கு 1,199,000 ரூபா. பெறுமதி குறைத்து எழுதப்பட்டது என்று கண்டால் சந்தை விலைக்கு மதிப்பிட்டு மீதியை அறவிட அதிகாரம் உண்டு.

செய்யவேண்டியது இதுதான். முதலில் வம்சாவளியைத் தாளில் எழுதிக் கேளுங்கள். யார் இறந்தார், எப்போது இறந்தார், எத்தனை பிள்ளைகள் என்பதோடு மரண, பிறப்பு, விவாகச் சான்றிதழ்களும் வேண்டும். பிறகு, அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு முழு வளவையும் அளந்து துண்டு இலக்கம் போட்டு, உள்ளூராட்சி மன்றத்தில் பிரிப்புக்கு அங்கீகாரம் எடுத்து, எல்லாப் பங்காளரும் பிரிவினை உறுதி முடிக்கட்டும். அது பதியப்பட்ட பிறகு, உங்களுக்கு வேண்டிய துண்டை அளவைப்பட இலக்கத்தோடு வாங்குங்கள். இந்தச் செலவை யார் ஏற்பது என்பதை விலை பேசும்போதே பேசலாம். ஒருவர் கையெழுத்து வைக்க மறுத்தால் 1977 இன் 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குத்தான் வழி. அந்த வழக்கு முடியும்வரை உங்கள் அட்வான்ஸ் அவர்களிடம் கிடக்கக்கூடாது.

வழக்கு ஏற்கெனவே தொடங்கி, அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருந்தால், வழக்கு முடிவதற்குள் பங்கை விற்று எழுதும் உறுதி செல்லாது. ஆகவே பதிவேட்டை இரண்டு தரம் தேடவேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு தரம், உறுதி முடிக்கிற அன்று இன்னொரு தரம். இங்கே காணிகளைப் பெயரால்தான் அறிவார்கள். ஒரே குறிச்சியில் ஒரே பெயரோடு நாலு வளவு இருக்கும், எழுத்தும் உறுதிக்கு உறுதி மாறும். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் வேறொருவருடைய பக்கத்தைப் பார்த்துவிட்டு வில்லங்கம் இல்லை என்று வந்துவிடுவீர்கள். எல்லையையும் பழைய உறுதி இலக்கங்களையும் கொண்டு, குறைந்தது 30 வருடம் பின்னோக்கித் தேடச் சொல்லுங்கள்.

"நொத்தாரிசு முடித்துத் தந்தார், பதிந்தும் ஆயிற்று" என்பது காப்பு அல்ல. நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்துவது கையெழுத்தை. பதிவு தருவது பிந்தி வரும் உறுதிகளுக்கு எதிரான முன்னுரிமையை. இல்லாத உரித்தை இரண்டில் எதுவும் உண்டாக்காது.

ஒரு பெயர் மட்டும் உள்ள உறுதி

பங்கே இல்லாததுபோல் தோன்றும் உறுதியிலும் பங்கு ஒளிந்திருக்கும். கலியாணத்துக்குப் பின் காசு கொடுத்து வாங்கின ஆதனம் தேடியதேட்டம். கணவனோ மனைவியோ இறந்துவிட்டால் ஒரு பகுதி பிள்ளைகளுக்குப் போயிருக்கலாம். எவ்வளவு என்பது விவாகத் திகதி, வாங்கின திகதி இரண்டையும் பொறுத்தது. சீதன வீடு என்றால், தேசவழமைக்கு உட்பட்ட மனைவி விற்கும்போது கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பிரிந்து வாழ்கிறோம் என்பது சம்மதத்துக்கு ஈடு ஆகாது.

அற்றோனித் தத்துவம்

சொந்தக்காரர் தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கிற அதிகாரப் பத்திரம் இது. கொடுத்தவர் இறந்த கணத்தில் அது வெறும் தாள். கையெழுத்து வைக்கிற வாரத்தில் வீடியோ அழைப்பில் ஆளைப் பாருங்கள். இந்தக் காணியை, விற்பதற்கு என்று அதில் எழுதியிருக்கிறதா, இலங்கையில் பதியப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமையோடு தன் பெயரில் எழுதுவது

2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசைக்குக் காணியை அறுதியாக எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வாங்கலாம். இல்லாதவர் முதலில் அதை எடுக்கட்டும். மச்சான் பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு மாற்றுவோம் என்றால், அது மச்சானின் வீடு.

கிணற்றை மாரியில் ருசி பார்ப்பது

கார்த்திகை, மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எந்தக் கிணறும் நல்ல தண்ணீர்தான். குடாநாட்டின் நன்னீர், சுண்ணக்கல் இடுக்குகளுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கிற ஒரு மெல்லிய படை. மழை ஏற்றும், பம்பு இறக்கும். மேலிருக்கிறதை வேகமாக இறைத்தால் கீழிருக்கிற உவர் மேலே ஏறும். ஆகவே பார்க்கவேண்டிய காலம் ஆவணி, புரட்டாதி. காலையில் ஒரு போத்தல் எடுங்கள். இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து இறைத்துவிட்டு இன்னொரு போத்தல் எடுங்கள். இரண்டுக்கும் மின்கடத்துதிறன் (தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டுகிற அளவு) பார்த்தால் இறைக்க இறைக்க உவர் ஏறுகிற கிணறு பிடிபடும். நீரேரிக்குக் கிட்டிய கொழும்புத்துறை, பாசையூர்ப் பக்கத்தில் இதைச் செய்யாமல் வாங்கவே கூடாது.

உப்பை நாக்குச் சொல்லும், நைத்திரேற்றைச் சொல்லாது. தோட்டத்துப் பசளையும் மலக்குழியும் சுண்ணக்கல் வெடிப்புக்குள்ளால் நேரே கிணற்றுக்கு வருகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் இது விளையாட்டு அல்ல. கோலிபோம் (மலம் கலந்ததைக் காட்டுகிற கிருமி) பார்க்கிற மாதிரியைக் கிருமி நீக்கின போத்தலில் எடுத்து, குளிர்ப் பெட்டியில் அன்றைக்கே ஆய்வுகூடத்தில் கொடுக்கவேண்டும்.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 50 அடி என்பது பழகின கணக்கு. வெடிப்பு உள்ள கல்லில் அதுவும் நிச்சயம் இல்லை. இரண்டு பரப்பு என்பது ஏறத்தாழ 60 அடிக்கு 90 அடி. அதில் உங்கள் கிணற்றுக்கு 50 அடி விட்டாலும் அயல் வீட்டுக் கிணற்றுக்கு விட இடம் இராது. ஆகவே மதிலுக்கு அந்தப் பக்கமும் எட்டிப்பார்த்து, அவர்களுடைய குழி எங்கே என்று கேளுங்கள். கிணறு பங்குக் கிணறா என்பதையும் உறுதியில் வாசியுங்கள். உங்கள் வளவுக்குள் நிற்கிற கிணற்றில் அயலவருக்குப் பங்கும், அங்கே வந்துபோக வழியுரிமையும் இருக்கலாம். அதைச் சுற்றி மதில் கட்ட முடியாது.

ஒழுங்கை

படலைக்கு முன்னால் இருப்பதாலேயே அது உங்கள் பாதை ஆகிவிடாது. சபையின் வீதியா, தனியார் ஒழுங்கையா? தனியார் என்றால் வழி வாய்க்கால் உரித்து உறுதியிலும் அளவைப்படத்திலும் அகலத்தோடு எழுதப்பட்டிருக்கவேண்டும். நடந்துபோகும் உரித்து வாகனத்துக்குப் போதாது. சீமெந்துக் கலவை லொறியும் மலக்குழி பவுசரும் திரும்புமா என்று நாடா பிடித்து அளந்து பாருங்கள்.

வேலி

கதியால் மாற்றும்போதெல்லாம் வேலி அரை அடி நகரும். உறுதியின் எல்லை இன்னாருடைய காணி என்று மட்டும் சொல்லும். அளவையாளர் கல் நடும்போது அயலவர் நிற்கட்டும். கல் நட்டு முடிந்த பிறகுதான் மதில்.

பரப்புக் கணக்கு

1 பரப்பு 10 பேர்ச்சஸ், 18 குழி, 2,722.5 சதுர அடி. விலையை அளவைப்படத்தின் பரப்புக்குப் பேசுங்கள். பழைய உறுதியில் உள்ள பரப்பு நிலத்தில் இராது.

பச்சை யாருடையது

சுண்டிக்குளியில் ஒரு வளவின் குளிர்ச்சி பாதிக்கு மேல் பக்கத்து வெறும் காணியிலிருந்து வரும். அந்தக் காணியின் சொந்தக்காரர் ரொறன்ரோவில். அவர் நாளைக்கு அதை விற்க, அதில் கலியாண மண்டபமோ மூன்று மாடி விடுதியோ வரலாம். அந்தப் பச்சைக்கும் சேர்த்து விலை கொடுக்காதீர்கள். உங்கள் எல்லைக்குள் நிற்கிற மரத்தை மட்டும் எண்ணுங்கள். அதையும் நினைத்தபடி தறிக்க முடியாது. பலா, ஈரப்பலா, பெண்பனை தறிக்க அனுமதி வேண்டும். வீட்டுப்படம் கீறுவதற்கு முன் மரங்கள் நிற்கிற இடத்தை அளவைப்படத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

அமைதியை ஞாயிறு மத்தியானம் அளப்பது

விடிய நாலரைக்கும் பின்னேரம் ஐந்துக்கும் போய் நில்லுங்கள். கோயில் ஒலிபெருக்கி, ரியூசன் விடுகிற நேரத்துச் சைக்கிள் கூட்டம், மண்டபத்து ஜெனரேற்றர் எல்லாம் அப்போதுதான் கேட்கும். நல்லூரைச் சுற்றி வாங்கினால் 25 நாள் திருவிழாவுக்கு வீதி மூடப்படும். அதைப் பிடித்தவர்கள் வாங்குவது நல்லது.

வெள்ளம்

2008 நவம்பரில் நிஷா புயல், 2020 டிசம்பரில் புரேவி புயல். அந்த இரண்டுக்கும் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று மூன்று அயல் வீட்டில் தனித்தனியே கேளுங்கள். புதிதாக மண் போட்டு உயர்த்தின காணி என்றால், முன்பு அது குளமா வாய்க்காலா என்று பழைய அளவைப்படத்தில் பாருங்கள்.

சபைத் தாள்கள்

வீதி ரேகைச் சான்றிதழ் (வீதியை அகலிக்க ஒதுக்கின எல்லைக் கோட்டைக் காட்டுவது), அங்கீகரித்த கட்டடப்படம், இணக்கச் சான்றிதழ் (படத்தின்படிதான் கட்டியது என்பதற்கு), சோலைவரி நிலுவை எல்லாவற்றையும் கேட்டுப் பாருங்கள். வீதி ரேகை விறாந்தையை வெட்டிக்கொண்டு போனால் முன்பக்கத்தில் ஒரு தூணும் புதிதாக எழுப்ப முடியாது.

பழைய வீட்டுக்குச் சீமெந்து பூசுவது

கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டின சுவர், நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டு வாழ்கிற சுவர். அதன்மேல் சீமெந்து பூசி, எனாமல் பெயின்ற் அடித்தால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, இரண்டு மாரிக்குள் பூச்சுப் பாளம் பாளமாக விழும். விற்பதற்கென்று அவசரமாகப் பூசின வீட்டில் தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை சுவரைத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெறுமையான சத்தம் கேட்டால் அந்த உயரத்துக்குக் கொத்தி எடுத்து, மீண்டும் சுண்ணாம்பாலேயே பூசும் செலவை விலையில் கழியுங்கள். கூரையில் பனை வளையும் சிலாகையும் சுவரில் குந்துகிற இடத்தை ஒரு ஸ்குரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். கறையான் தொடங்குவது அங்கேதான். வயிரமேறின பனை முனையை உள்ளே விடாது. உள்ளே போனால் ஓடு இறக்கவேண்டும், விலை பேசுவது அதற்குப் பிறகு.