தனி ஆவர்த்தனத்தில் சேர்ந்து வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழியில் சபாக்களின் மதியக் கச்சேரிகளில் இளைஞர்கள் வாசிப்பதை விடாமல் கேட்பேன். கைச் சுத்தம், வேகம் எல்லாம் எங்கள் தலைமுறையைவிட ஒரு படி மேல். ஆனால் தனியில், அதாவது பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதியில், மிருதங்கமும் கடமும் சேரும்போது, நாங்கள் அந்த வயதில் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குகிறார்கள். சுருதி விலகுவது, காலம் ஓடுவது பற்றி உங்கள் குருவே சொல்லியிருப்பார். அதை விட்டுவிடுகிறேன்.

முன்னவர் வாசிக்கும்போது தன் முறையை யோசிப்பது

இது குறைப்பில்தான், அதாவது இருவரும் மாறி மாறி வாசித்து அளவைக் குறைத்துக்கொண்டே வரும் கட்டத்தில்தான், அம்பலமாகும். ஆதி தாளம் என்று வைத்துக்கொள்வோம். மிருதங்கம் இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழு வட்டம்), கடம் இரண்டு. பிறகு ஒன்று, அரை, கால் என்று குறுகி, கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள். எத்தனை சுற்றுக்கு அப்புறம் குறைப்பது என்று பெரும்பாலும் பேசிவைப்பதில்லை. மிருதங்கம் குறைத்தால் கடமும் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சமீபத்தில் கேட்ட தனி ஒன்றில் மிருதங்கக்காரர் கண்ட நடையில் (ஒவ்வொரு எண்ணிக்கையையும் ஐந்தாகப் பிரிக்கும் நடை) குறைப்பை எடுத்தார். 'தகதகிட'வில் முதல் 'த'வை ஊமையாக விட்டு மற்ற நாலை மட்டும் ஒலிக்க வைத்தார். அழகான யோசனை. கடக்காரத் தம்பி கண்ணை மூடிக்கொண்டு மூச்சுவிட இடமில்லாத தன் பாடத்தை ஓட்டினார். நடை சரி, கணக்கு சரி, பதில்தான் இல்லை. மிருதங்கக்காரர் இடைவெளியை இன்னும் அகலமாக்கிக் காட்டினார். அப்போதும் அதே பாடம். அப்புறம் அவர் ஒரு ஆவர்த்தனமாகக் குறைக்க, கடம் இரண்டாவது ஆவர்த்தனத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. இருவரும் மோத, பாடகர் தொடையில் தாளத்தை ஓங்கிப் போட வேண்டியதாயிற்று. மிருதங்கக்காரர் அதன் பிறகு புதிதாக எதையும் எடுக்கவில்லை. நேரே தனியை முடிவுக்குக் கொண்டுபோகும் மோராவுக்குப் போய்விட்டார். ஒருவர் கேட்காததால் இன்னொருவரின் கற்பனை பாதியில் நின்றுபோவதை என்னால் இன்றும் பொறுக்க முடிவதில்லை.

கஞ்சிரா என்ற சின்னத் தோல் வாத்தியத்தில் ஜி. ஹரிசங்கர் வாசித்த பதிவுகளைக் கேளுங்கள். மிருதங்கத்தில் இரண்டு கையால் வந்த தாளச் சொல்லை ஒற்றைக் கையால் திருப்பிக் கொடுப்பார். அப்படிக் கொடுக்க, முன்னவரின் ஒவ்வொரு சொல்லும் காதில் ஏறியிருக்க வேண்டும். வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து, முன்னவர் முடித்த கடைசிச் சொல்லிலிருந்தே தொடங்கிப் பழகுங்கள். சொந்தச் சரக்கு பின்பாதியில் வரட்டும்.

தெரியாத கோர்வையை முதல் தடவையே அடிப்பது

தனியின் முடிவில் வரும் கணக்குக் கட்டான கோர்வை மூன்று தடவை வரும். முதல் தடவை கையை அடக்கி, 'ததிகிணதொம்'களுக்கு நடுவில் கார்வை (இடைவெளி) இரண்டா மூன்றா என்று கவனியுங்கள். இரண்டாவதில் ஒட்டிக்கொள்ளுங்கள், மூன்றாவதில் தாராளமாக வாசியுங்கள். பாட்டின் எடுப்பு (தொடங்கும் இடம்) அரையிடம், அதாவது தாளத்தின் முதல் அடிக்கு அரை எண்ணிக்கை தள்ளி என்றால் கோர்வை அங்கேதான் போய்ச் சேரும். பழக்கதோஷத்தில் சமத்தில், அந்த முதல் அடியிலேயே, ஓங்கி அடித்தால் பாடகர் திணறிப்போவார்.

பாடகரின் கையைப் பார்க்காதது

பாருங்கள்.

மோர்சிங்கை அமுக்குவது

வாயில் வைத்து வாசிக்கும் மோர்சிங்கின் சத்தம் சின்னது. அதன் முறை முடியும்வரை மற்றவர்கள் கை மடியிலேயே இருக்கட்டும்.