மருதமுனைக் கைத்தறிக் கடையைக் கூகுளில் போடுவது எப்படி?

விளம்பரத்துக்குக் காசு இறைக்க முன் கூகுள் வணிகப் பக்கத்தைத் (Google Business Profile) திறவுங்கள், அது இலவசம். பெயர்ப்பலகையில் உள்ள பெயரை மட்டும் இடுங்கள். ‘மலிவுச் சாரம் கல்முனை’ என்று சரக்கையும் ஊரையும் பின்னால் ஒட்டினால் பக்கம் இடைநிறுத்தப்படலாம். அதை மீட்பது பெரிய அலைச்சல். கடையின் முதன்மை வகை ஒன்று, கூடுதல் வகைகள் 9 வரை. விவரிப்புக்கு 750 எழுத்து.

கடை உங்களுடையதுதானா என்று சரிபார்க்கக் கூகுள் காணொளி கேட்டால் வெட்டாமல் ஒரே மூச்சில் எடுங்கள்: வீதி, பெயர்ப்பலகை, நீங்களே பூட்டைத் திறப்பது, உள்ளே தறி. 30 விநாடிக்குக் குறையக்கூடாது. வரைபடக் குறி பக்கத்து ஒழுங்கையில் விழுந்திருந்தால் வாசலுக்கு நகர்த்துங்கள்.

பிறகுதான் கூகுளில் கட்டண விளம்பரம் (Google Ads). நாளுக்கு 500 ரூபாய் வைத்தால் ஒரு நாளில் 1,000 வரை போகலாம், பயப்பட வேண்டாம். மாதம் 15,200ஐத் தாண்டாது. விளம்பரம் எந்த ஊராருக்குக் காட்டப்படும் என்ற இட அமைப்பில் ‘ஆர்வமுள்ளோர்’, அதாவது அந்த ஊரில் இல்லாமல் அதில் ஆர்வம் காட்டுவோர், என்பதும் தானாகவே சேர்ந்திருக்கும். கடைக்கு நேரில் வருபவர்தான் வேண்டுமென்றால் ‘அங்கே இருப்போர்’ என்று மாற்றுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சாரம் என்ற சொல்லில் கவனம்! நீங்கள் விற்பது இடுப்பில் உடுத்தும் சாரம், ஆனால் சுருக்கம் என்ற பொருளும் அதற்கு உண்டு. பாடச் சாரம், கதைச் சாரம் தேடுகிற மாணவரும் கிளிக் செய்வார், காசு உங்களுடையது. ‘பாடம்’, ‘பாடச்’, ‘கதை’, ‘கதைச்’ என ஒவ்வொரு வடிவத்தையும் விலக்குச் சொற்களில் (விளம்பரம் காட்டக்கூடாத தேடல்களைத் தடுக்கும் பட்டியல்) போடுங்கள். தேடப்பட்ட சொற்களின் அறிக்கையைக் கிழமைக்கொரு தரம் பார்த்து, பட்டியலை நீட்டிக்கொண்டே போங்கள்.