மொட்டை மாடியில பச்சைத் துணி கட்டி ஹீரோவைப் பறக்க வச்சோம்: ஆரம்பத்துல இருந்து செய்முறை

போன மாசம்தான் எங்க ஆறு நிமிஷ சூப்பர் ஹீரோ குறும்படம் முடிஞ்சுது. கதை இதுதான்: சேலத்துல தண்ணி கேன் போடுற ஒரு பையனுக்குத் திடீர்னு பறக்குற சக்தி வருது, லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியில தனியா இருக்கிற ஒரு பாட்டிக்கு ஜன்னல் வழியா கேன் கொண்டுபோய்க் குடுக்குறான். மொத்த செலவு 3,400 ரூபா, அதுல 900 ரூபா சாப்பாட்டுக்கே போச்சு. கேமரா என்னோட ஃபோன்தான், ஹீரோ என் மாமா பையன். பார்த்தவங்க எல்லாரும் அந்தப் பறக்குற ஷாட் எப்படி எடுத்தீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். கதை எழுதுறது, ஷாட் பிரிக்கிறது, எடிட்டிங்ல கட் பண்ணி ஒட்டுறதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு வச்சுக்குறேன்.

ஒரே ஒரு விஷயத்த மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன். "எடுத்துடுவோம், கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம்"னு நெனைக்காதீங்க. நாங்க அப்படி நெனைச்சு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க எடுத்த மொத்த ஃபுட்டேஜும் வீணாப்போச்சு. துணி எப்படி வெளிச்சமா இருக்குங்கிறதுலயே பாதி வேலை முடிஞ்சுடுது.

துணி

ஆளுக்குப் பின்னாடி பச்சைத் துணி கட்டி எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல அந்தப் பச்சைய மட்டும் அழிச்சு அங்க வேற காட்சிய வைக்கிறதுதான் வழி, இதத்தான் கீயிங், கீ பண்றதுன்னு சொல்வாங்க. ஏன் பச்சைன்னா, ஃபோன் கேமரா சென்சார்ல ஒவ்வொரு நாலு பிக்சல்லயும் ரெண்டு பச்சை, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம். அதனால பச்சையிலதான் டீடெயில் அதிகமாவும் நாய்ஸ் (படத்துல வர்ற புள்ளி புள்ளி) கம்மியாவும் கிடைக்கும். மனுசத் தோல்லயும் பச்சை பெருசா கிடையாது.

ஆன்லைன்ல ஸ்டாண்டோட விக்கிற செட் வாங்க வேண்டாம், முக்காவாசி துணி மெல்லிசா இருக்கும், பின்னாடி சுவரே தெரியும். ஜவுளிக்கடையில போய் கிளிப்பச்சை பாப்ளின் கேளுங்க. சாட்டின் மாதிரி பளபளன்னு இருக்கிறத மட்டும் எடுத்துடாதீங்க, அங்கங்க வெள்ளையா மினுங்கும், அந்த இடமெல்லாம் கீ ஆகாம அப்படியே நிக்கும். நான் ஆறு மீட்டர் வாங்கி ரெண்டா வெட்டி டெய்லர் அண்ணன்கிட்ட ஜாயின் போடச் சொன்னேன். தையல் கோடு ஹீரோ தலைக்குப் பின்னாடி வராம ஒரு ஓரமா போற மாதிரி கட்டுங்க.

கட்டுறதுக்கு முன்னாடி அயர்ன் பண்ணிடுங்க. மேல கொடிக்கயித்துல துணி கிளிப்பு நெருக்க நெருக்கமா போட்டு, கீழ செங்கல் வச்சு இழுத்துவிட்டா போதும். கொஞ்சம் தண்ணி ஸ்ப்ரே பண்ணி இழுத்தீங்கன்னா மிச்ச சுருக்கமும் போயிடும், ஆனா நல்லா காயவிட்டுத்தான் எடுக்கணும், ஈரம் இருந்தா அந்த இடம் மட்டும் திட்டா கருப்பா தெரியும்.

வெளிச்சம் (இங்கதான் நான் மாட்டுனேன்)

மொதல் தடவை காலையில 11 மணிக்கு எடுத்தோம். நல்ல வெயில், பளிச்சுன்னு இருக்கேன்னு சந்தோஷமா எடுத்தோம். ஹீரோ துணியில இருந்து ரெண்டு அடி தள்ளித்தான் நின்னான். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா, துணியில அவனோட நிழல் கருகருன்னு விழுந்திருக்கு, அவன் கழுத்து, காதோரம், கையோட உள்பக்கம் எல்லாம் பச்சை அடிச்சிருக்கு. துணியில பட்ட வெயில் திரும்பி அவன் மேல அடிச்சதால வந்தது அது, இதத்தான் ஸ்பில்னு சொல்வாங்க. நிழல் விழுந்த பச்சை வேற, வெயில் பட்ட பச்சை வேற, ஒண்ண எடுத்தா இன்னொண்ணு நிக்குது, ரெண்டையும் எடுக்கப் போனா அவன் காதும் சேர்ந்து போகுது. மூணு ராத்திரி உட்கார்ந்து பார்த்துட்டுத்தான் இது ஆகாதுன்னு ஒத்துக்கிட்டேன்.

அடுத்த வாரம் மாத்தி யோசிச்சோம். எங்க மாடியில படிக்கட்டு ரூம் ஒண்ணு இருக்கு, எட்டு அடி உயரம். அதோட மேற்குப் பக்கச் சுவர்ல காலையில வெயிலே படாது, வானத்து வெளிச்சம் மட்டும் மெத்துன்னு சமமா விழும். அங்க துணியக் கட்டினோம். காலையில 7 மணிக்கு அந்த ரூமோட நிழல் ரொம்ப நீளமா கிடக்கும், அதனால ஹீரோவ துணியில இருந்து எட்டு அடி தள்ளி நிறுத்தினாலும் நிழலுக்குள்ளயேதான் இருப்பான். எட்டு அடி தள்ளி இருக்கிறதால ஸ்பில் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அப்புறம் வெயில் இருக்கிற இடத்துல ஒரு பெரிய வெள்ளைத் தெர்மாகோல் ஷீட்ட பிடிச்சு அந்த வெளிச்சத்த அவன் மேல மட்டும் திருப்பினோம். துணி சாதாரணமா இருக்கு, ஆள் மட்டும் பளிச்சுன்னு பிரிஞ்சு தெரியுறான். ஏழரைக்கு மேல நிழல் மடமடன்னு சுருங்கி அவன் தலையில வெயில் பட ஆரம்பிச்சுடும், அதுக்குள்ள முடிக்கணும், அதனால ஆறரைக்கே எல்லாம் ரெடி பண்ணிக்குங்க.

தெர்மாகோல எந்தப் பக்கம் பிடிக்கணும்? இத யாருமே எனக்குச் சொல்லல. பின்னாடி வைக்கப்போற காட்சியில சூரியன் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம். எங்களுக்கு ஊர் மேல பறக்குற காட்சி வேணும், ட்ரோன் கிடையாது, அதனால ஏற்காடு போயி லேடீஸ் சீட்ங்கிற வியூ பாயிண்ட்ல இருந்து கீழ தெரியுற சேலத்த சாயங்காலம் எடுத்தோம். தெற்கு பார்த்து எடுத்ததால மேற்கு சூரியன் ஃப்ரேம்ல வலது பக்கம் இருக்கு. மாடியில எடுத்தப்ப இத யோசிக்காம தெர்மாகோல இடது பக்கம் பிடிச்சுட்டோம். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தப்ப என்னன்னு சொல்லத் தெரியல, ஆனா ஏதோ ஒட்டாத மாதிரியே இருந்துச்சு. சரி படத்தையே ஃப்ளிப் பண்ணிடலாம்னா அவன் நெஞ்சுல இருக்கிற "த" எழுத்து திரும்பிடுது! மறுபடி எடுத்தோம். அதனால எப்பவுமே பின்னணிய மொதல்ல எடுங்க, அத ஃபோன்ல வச்சுப் பார்த்துக்கிட்டே மாடியில ஆள எடுங்க. கேமரா உயரமும் சாய்மானமும் அப்பத்தான் பொருந்தும்.

ஃபோன் செட்டிங்

ஃபோனோட வர்ற கேமரா ஆப் வேண்டாம், அது நடுவுல தானா வெளிச்சத்தையும் நிறத்தையும் மாத்திக்கிட்டே இருக்கும். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், ஐஃபோன்லயும் நிறைய ஆண்ட்ராய்டு ஃபோன்லயும் ஓடும். உங்க ஃபோன்ல வரலைன்னா ஓப்பன் கேமரா போட்டுக்குங்க. ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தக் கூட்டிக் காட்டுற அளவு) எவ்ளோ கம்மியா வைக்க முடியுமோ அவ்ளோ கம்மி, ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) லாக், ஃபோகஸ் லாக், எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் தானா சமன் பண்றது) ஆஃப், அழகுபடுத்துற ஃபில்டர் எல்லாம் ஆஃப். செகண்டுக்கு 25 ஃப்ரேம். ஷட்டர் வேகம் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் வாங்குற நேரம்) 1/100 செகண்ட் இல்லாட்டி அதவிட வேகமா வையுங்க, கை அசையும்போது மங்கல் கம்மியா இருந்தா ஓரம் சுத்தமா வெட்டும். ராத்திரி வீட்டுக்குள்ள லைட் போட்டு எடுக்குறவங்க சரியா 1/50 இல்லாட்டி 1/100 வைக்கணும், நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், வேற ஸ்பீடு வச்சா சில லைட்டுக்குப் படம் துடிக்கும்.

அப்புறம் படம் 1080லதான் முடிக்கப்போறீங்கன்னாலும் 4கேல (1080 மாதிரி நாலு மடங்கு பிக்சல்) எடுங்க. ஃபோன் வீடியோ சேவ் பண்ணும்போது வெளிச்சத்த ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியா எழுதும், நிறத்த மட்டும் நாலு பிக்சலுக்கு ஒரு தடவைதான் எழுதும். கீயிங் நடக்குறதே நிறத்த வச்சுதான், அதான் முடியோரம் படிக்கட்டு மாதிரி தெரியுது. 4கேய 1080க்குச் சுருக்கினா ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நிறம் கிடைச்சுடும். இன்னொண்ணு, எடுத்த ஃபைல கேபிள் போட்டுத்தான் கம்ப்யூட்டருக்கு ஏத்தணும். எங்க கேமரா பார்த்த தம்பி ஒரு மெசேஜ் ஆப்ல வீடியோவா அனுப்பிட்டான், அது சுருங்கி வந்து ஓரமெல்லாம் கட்டம் கட்டமா ஆயிடுச்சு.

ஆளில்லாம வெறும் துணிய மட்டும் பத்து செகண்ட் எடுத்து வையுங்க. பின்னாடி உதவும்.

பறக்குறது

மாடி நடுவுல ஒரு உயரமான ஸ்டூல், அதுக்கு மேல மிச்சப் பச்சைத் துணி, அதுல வயித்த வச்சு ஹீரோ படுக்கணும். கைப்பிடிச் சுவர் பக்கமே போக வேண்டாம், ஸ்டூல ஒருத்தர் உட்கார்ந்து பிடிச்சுக்கணும். ஒரு தடவைக்கு இருபது செகண்டுதான் தாங்கும், அதுக்கு மேல காலு தொங்க ஆரம்பிச்சுடும், கால் தொங்கினா பறக்குற மாதிரியே இருக்காது, ஸ்டூல் மேல படுத்திருக்கிறது அப்பட்டமா தெரியும். முட்டியும் கால் விரலும் விறைப்பா இருக்கான்னு பார்க்குறதுக்குன்னே ஒருத்தர நிறுத்துங்க.

முதுகுத்துணி சிவப்பு கிரேப். ஜார்ஜெட் எடுக்காதீங்க, அதுக்குள்ள பச்சை தெரியும், ஓட்டை ஓட்டையா போயிடும். மொதல்ல டேபிள் ஃபேன் வச்சோம், பின்னாடி பச்சைத் துணியும் சேர்ந்து அலை அடிச்சுது. அதனால முதுகுத்துணியோட ரெண்டு மூலையில தூண்டில் நரம்பு கட்டி ஒருத்தர் பின்னாடி இருந்து படபடன்னு ஆட்டினார். எனக்கு இது ஃபேன விடப் பிடிச்சிருக்கு, எப்ப வேகமா அடிக்கணும் எப்ப மெதுவாங்கிறது நம்ம கையில இருக்கும். முகமூடி பழைய யோகா மேட்ட வெட்டி, செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட கிடைக்கிற மஞ்சள் கம் வச்சு ஒட்டினது.

கம்ப்யூட்டர்ல

டாவின்சி ரிசால்வ்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேரோட இலவச வெர்ஷனே தாராளம். ஃபோன்லயே கீ பண்ற ஆப் நிறைய இருக்கு, முகம் மட்டும் பேசுற வீடியோவுக்கு ஓகே, பறக்குற முடிக்கும் துணிக்கும் சரிப்படாது.

கீழ் ட்ராக்ல பின்னணி, மேல் ட்ராக்ல பச்சை ஷாட். பச்சை ஷாட்ட செலக்ட் பண்ணி ஃப்யூஷன் பேஜ் (ரிசால்வ்குள்ளயே எஃபெக்ட் செய்யுற இடம்) போங்க. மீடியா இன்னுக்கும் மீடியா அவுட்டுக்கும் நடுவுல டெல்டா கீயர் (பச்சைய எடுக்குற கருவி) போட்டு, நிறம் எடுக்குற ஐட்ராப்பர முகத்துக்குப் பக்கத்துல இருக்கிற பச்சையில வையுங்க, ஓரத்துல இருக்கிறதுல வைக்காதீங்க. இப்ப வியூவர்ல ஏ பட்டனத் தட்டினா கருப்பு வெள்ளையா தெரியும். ஆள் சுத்த வெள்ளை, துணி சுத்தக் கருப்பு, இதான் வேணும். மேட் (அந்தக் கருப்பு வெள்ளைப் படம்) டேப்ல த்ரெஷோல்ட் ரெண்டு முனையையும் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்துங்க. அங்கதான் எல்லாரும் ரொம்ப இழுத்துடுறாங்க, முடி கத்தரிச்சு ஒட்டின மாதிரி ஆயிடும். முடியோரம் சாம்பல் நிறம் கொஞ்சம் இருக்கணும், அத விட்டுடுங்க.

ஆள விட்டு ரொம்ப தள்ளி இருக்கிற ஸ்டூல் காலு, செங்கல், தண்ணி டேங்க் இதெல்லாம் கீ பண்ணப் பாடுபட வேண்டாம், ஆளச் சுத்தி பாலிகன் மாஸ்க் போட்டு வெளிய இருக்கிறத மொத்தமா தூக்கிடுங்க. துணி சமமா இல்லைன்னா அந்தப் பத்து செகண்ட் வெறும் துணி ஷாட்ட கிளீன் ப்ளேட்டா குடுங்க. மிச்சம் இருக்கிற ஸ்பில்லுக்கு ஃப்ரிஞ்ச் டேப். ஒரு பிக்சல்ல பச்சை மத்த நிறங்கள விடத் தூக்கலா இருந்தா அந்த அளவுக்கு இறக்கிவிடுறதுதான் அதோட வேலை. ரொம்ப ஏத்தினா தோல் ஊதாவா அடிக்கும், அதனால மீடியத்துலயே நிறுத்திக்குங்க.

ஒட்டின மாதிரி தெரியாம இருக்க நான் செஞ்சது: தூரத்து மலை, ஊரெல்லாம் பனிமூட்டமா இருக்கும், கருப்பே இருக்காது. ஹீரோவோட தலைமுடி மட்டும் கன்னங்கரேல்னு இருந்தா பொருந்தாது, அதனால அவனோட கருப்ப லேசா ஏத்தி நீலம் கொஞ்சம் கலந்தேன். பின்னணிய 100ல இருந்து 115 வரைக்கும் மெதுவா பெருசாக்கினேன், 4கேல எடுத்திருந்ததால உடையல. அதுக்கும் மேல, ஒரு ராத்திரி கருப்புப் போர்வைக்கு முன்னாடி சாம்பிராணி போட்டு அந்தப் புகைய எடுத்து வச்சிருந்தேன், அத ஸ்கிரீன் மோட்ல (கருப்பு மறைஞ்சு வெளிச்சம் மட்டும் தெரியும்) ஹீரோவுக்கு முன்னாடி சர்ருன்னு ஓடவிட்டேன். மேகத்தக் கிழிச்சுக்கிட்டு வர்ற மாதிரியே இருந்துச்சு. எங்க அம்மா அந்த இடத்துல "டேய்"னு சத்தமா சொல்லிட்டாங்க.

கையில இருந்து வர்ற மின்சாரப் பொறிக்கும் இதே வழிதான். தீபாவளி மிச்சம் கம்பி மத்தாப்ப இருட்டுல எடுத்து ஸ்கிரீன் மோட்ல கையில வையுங்க. ஷூட்டிங் அப்பவே பொறி வர்ற நேரத்துல மஞ்சள் ஜெலட்டின் தாள் சுத்தின டார்ச்ச முகத்துல சட்டுனு அடிச்சு அணைக்கணும், அந்த வெளிச்சம் முகத்துல படலைன்னா எந்த எஃபெக்டும் நம்புற மாதிரி இருக்காது. அடி விழும்போது தூசி பறக்க சட்டையில டால்கம் பவுடர் தட்டினோம். அரிசி மாவு, மைதா எல்லாம் மத்தாப்பு, நெருப்பு இருக்கிற இடத்துல வேண்டவே வேண்டாம், காத்துல பறக்குற மாவு பக்குனு பத்திக்கும்.

சத்தம் தனியா பதிவு பண்ணுங்க. முதுகுத்துணி படபடப்புக்கு ஈர வேட்டிய மைக் பக்கத்துல உதறினோம்.

அப்டேட் 1: ஒருத்தர் ஹீரோ சட்டையே பச்சை, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தாங்க. துணிய நீலமா மாத்திக்குங்க, மத்ததெல்லாம் இதேதான். நீல ஜீன்ஸ் மட்டும் போடாம பார்த்துக்குங்க.

அப்டேட் 2: 8 ஜிபி ராம் லேப்டாப்ல ஃப்யூஷன் நிக்குதுன்னு மூணு பேர் சொல்லிட்டாங்க. டைம்லைன 1080ல வச்சு, ஒவ்வொரு பச்சை ஷாட்டையும் தேவையான நாலஞ்சு செகண்டுக்கு மட்டும் வெட்டிட்டு அப்புறம் கீ போடுங்க, முடிச்சதும் அந்த கிளிப்ல ரைட் கிளிக் பண்ணி ரெண்டர் இன் ப்ளேஸ் (கீ பண்ணதையே புது வீடியோவா சேவ் பண்றது) குடுத்துடுங்க. ஆல்ஃபாவோட (எந்த இடம் காலிங்கிற தகவலோட) சேவ் ஆகுற ஃபார்மட்டா பார்த்து எடுக்கணும், இல்லைன்னா பின்னணி போயி கருப்பா நிக்கும். ஒவ்வொண்ணா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போனா என் பழைய லேப்டாப்லயே ஓடுச்சு.