உரம் மருந்து கடைக்காரங்களுக்கு பயிற்சி வைக்கப் போறீங்களா? மொதல்ல அவங்க கவுண்டர் பக்கத்துல போய் நில்லுங்க

இலங்கை மலையகத்துல கந்தப்பளை, ராகலை, வெலிமடை பக்கம் மரக்கறி செய்றவங்க பயிர்ல ஏதாவது வந்தா மொதல்ல போய் கேக்கிறது விவசாயப் போதனாசிரியர்கிட்ட இல்ல, டவுன்ல இருக்கிற உரம் மருந்து கடையிலதான். போதனாசிரியர் ஒருத்தருக்கு பெரிய பிரிவு, நெனச்ச நேரம் அவர புடிக்க முடியாது, கடைன்னா காலையிலயே திறந்திருக்கும், கடனுக்கு தருவாங்க, நம்ம பாஷையில பேசலாம். அதனால கடைக்காரர் வாயில இருந்து வர்றதுதான் நேரா கோவா (முட்டைகோஸ்) பாத்திக்கும் உருளைக் கெழங்கு பாத்திக்கும் போகுது. இவ்வளவு பெரிய வேலைய செய்றவருக்கு நாம குடுக்கிற பயிற்சி எப்பிடி இருக்குன்னு பாத்தா, ப்ரொஜெக்டர் போட்டு 1980ஆம் ஆண்டு 33ஆம் இலக்க பீடைகொல்லி சட்டம், நஞ்சு வகை, லேபிள் கலர், நடுவுல டீயும் பனிசும், கடைசியில சேர்ட்டிபிகேட். சட்டம் தெரியணும்தான், அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா மறுநாள் காலையில ஒருத்தர் அழுகுன இலைய கொண்டு வந்து மேசையில போடுறப்போ அந்த ஸ்லைட்ல ஒண்ணு கூட கைக்கு வராது.

அதனால நான் சொல்றது இதுதான், பாடத்திட்டத்த எழுதுறதுக்கு முன்னாடி கவுண்டர்ல வர்ற கேள்விய சேருங்க.

அனுமதி கேட்டுட்டு கடையில ஒரு ஓரமா உக்காருங்க, சந்தை நாள் ஒண்ணு, சும்மா நாள் ஒண்ணு. வந்தவர் என்ன கேட்டார், கையில என்ன கொண்டு வந்தார், கடைக்காரர் திருப்பி என்ன கேட்டார், என்ன எடுத்து குடுத்தார்னு மட்டும் எழுதுங்க, நடுவுல வாய திறக்காதீங்க. ஒரு தடவை இப்பிடி உக்காந்திருக்கிறப்போ ஒரு அண்ணன் ஷொப்பிங் பேக்ல சுத்தின கோவா இலை ஒண்ண விரிச்சு காட்டினார், இலை முழுக்க சல்லடை மாதிரி ஓட்டை, விரல் பட்டதும் சின்ன பச்சை புழு ஒண்ணு துடிச்சு நூல்ல தொங்கிச்சு. டயமண்ட் பேக் மொத்னு கோவாவ தின்னுற அந்துப்பூச்சியோட புழு, பாத்த உடனே சொல்லலாம். "போன கெழமை குடுத்தது கேக்கல தம்பி, வேற ஒண்ணு தாங்க"ன்னார். கடைத் தம்பி ஒரு செக்கன் கூட யோசிக்காம பக்கத்து தட்டுல இருந்து வேற போத்தல் எடுத்து குடுத்தார். நான் ரெண்டு லேபிளையும் திருப்பி பாத்தேன், போன கெழமை அடிச்சது அபமெக்டின், இப்ப குடுத்தது எமமெக்டின். கம்பனி வேற, கலர் வேற, வெலையும் வேற, ஆனா ரெண்டும் புழுவ தாக்குற விதம் ஒண்ணுதான், தாக்குற விதத்த வச்சு பூச்சி மருந்துகள குரூப் குரூப்பா பிரிச்சு ஐராக் (IRAC)னு ஒரு அமைப்பு உலக அளவுல நம்பர் போடுறாங்களே, அதுல ரெண்டுமே 6ஆம் குரூப். அந்த அண்ணன் காச குடுத்து பழைய மருந்தையே புது பேர்ல வாங்கிட்டு போனார்.

இப்ப அந்த கடைக்காரர்கிட்ட போய் "உங்களுக்கு என்ன பயிற்சி வேணும்"னு ஒரு போர்ம் குடுத்தா "புதுசா வந்த மருந்து பத்தி"ன்னுதான் எழுதுவார். குரூப் மாத்தி குடுக்கணும்கிறத எழுத மாட்டார், ஏன்னா அப்பிடி ஒண்ணு இருக்குன்னே அவருக்கு யாரும் சொல்லல. அவர் கேக்கிறதும் அவருக்கு உண்மையில தேவைப்படுறதும் வேற வேறயா இருக்கிற இடத்த கண்டுபுடிக்கிறதுதான் உங்க வேலை. போர்ம மட்டும் நம்பி பயிற்சி போட்டா அது கம்பனிக்காரங்க வைக்கிற மீட்டிங் மாதிரியே ஆகிரும்.

பேசுறப்போ கேள்விய இப்பிடி கேளுங்க: "கடைசியா எப்போ ஒருத்தர் கேட்டதுக்கு பதில் தெரியாம நின்னீங்க முதலாளி? அப்ப யாருக்கு கோல் எடுத்தீங்க?" இந்த ரெண்டாவது கேள்விதான் முக்கியம். அனேகமா கம்பனி ரெப் பேர்தான் வரும். ரெப் நல்லவராவே இருந்தாலும் அவர் பையில இருக்கிற சாமானதானே சொல்லுவார். வேற எங்க கேக்கலாம்னு கடைக்காரருக்கு தெரியாதுன்னா அதுவே ஒரு பயிற்சித் தேவை, எழுதிக்கோங்க. விவசாயத் திணைக்களத்தோட 1920 போன் நம்பர், தேயிலைக்கு தலவாக்கலையில இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிறுவகம், ஒரு மருந்து பதிவுல இருக்கா இல்லையான்னு பாக்க பேராதனை கெட்டம்பேயில இருக்கிற பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம், இந்த மூணையும் பெரிய எழுத்துல தமிழ்ல அடிச்சு கல்லாவுக்கு மேல ஒட்டிக் குடுங்க.

கல்லா பக்கத்துல ஒரு சீ.ஆர். கொப்பிய கயிறு கட்டி தொங்க விடச் சொல்லுங்க, பதில் தெரியாத கேள்வி வந்தா ஒரு வரி. எழுத சோம்பலா இருந்தா வாட்ஸ்அப்ல வொய்ஸ் போடட்டும். ஒரு போகம் போனா உங்களுக்கு வேண்டிய பாடத்திட்டம் பாதி அதுலயே இருக்கும்.

இன்னொண்ணு, யார பயிற்சிக்கு கூப்பிடுறீங்கன்னு பாருங்க. லைசன்ஸ் முதலாளி பேர்ல, பயிற்சிக்கு வர்றதும் அவர்தான், ஆனா நாள் பூரா மருந்து எடுத்து குடுக்கிறது ஓ லெவல் முடிச்சிட்டு லயத்துல இருந்து வேலைக்கு வர்ற பொடியனோ பிள்ளையோ. அவங்கள கூப்பிடாத பயிற்சி கவுண்டர் வரைக்கும் வந்து சேராது. பாஷையும் அப்பிடித்தான், சிங்களத்துல நடத்திட்டு நடுவுல யாராவது எழும்பி தமிழ்ல ரெண்டு வரி சொல்றது பயிற்சி இல்லைங்க. தமிழ்ல நடத்தக்கூடிய ஆள் கெடைக்கிற வரைக்கும் திகதிய தள்ளிப் போட்டாலும் பரவாயில்ல.

சேத்த கேள்விகள வரிசைப்படுத்துறப்போ எத்தன பேர் கேட்டாங்கன்னு எண்ணாதீங்க, பதில் பிழைச்சா யாருக்கு என்ன ஆகும்னு பாருங்க. உயிர் போற விஷயம் மேல, அதுக்கு கீழ விளைச்சலும் காசும், மிச்சமெல்லாம் கடைசியில.

உயிர் விஷயத்துல கடைக்காரர் கையில எவ்வளவு இருக்குன்னு அவருக்கே தெரியாது. நம்ம நாட்டுல 1995ல மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ், 1998ல எண்டோசல்பன், 2008ல இருந்து படிப்படியா பராகுவாட், டைமெதோயேட், பென்தியோன்னு கடும் நஞ்சுகள நிப்பாட்டினாங்க, 1995 வாக்குல உச்சத்துல இருந்த தற்கொலை வீதம் அதுக்கு பிறகு நல்லா கீழ எறங்கிச்சு. கைக்கு கெடைக்காம பண்ணினா உயிர் மிஞ்சும்னு நாட்டளவுல பாத்தாச்சு, அதே வேலைய கவுண்டர்லயும் செய்யலாம். குடிச்சிட்டு வர்றவர், என்ன பயிர் எத்தன பேர்ச்னு கேட்டா பதில் சொல்லாதவர், விவசாயமே செய்யாதவர், அழுத முகத்தோட வர்ற பிள்ளை, இவங்களுக்கு "இப்ப ஸ்டொக் இல்ல, நாளைக்கு வாங்க"ன்னு சொல்லி உக்கார வச்சு ஒரு டீ குடுத்து வீட்டாளுக்கு சொல்லி அனுப்புறத ஆள் வச்சு நடிச்சே பழக்குங்க, பேச்சுல சொன்னா மனசுல நிக்காது. மனநல உதவிக்கு 1926, அம்புலன்சுக்கு 1990. யாராவது மருந்து உள்ள போயிட்டுன்னு ஓடி வந்தா உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, லேபிளோட போத்தல தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு போகணும். இதுக்கு முழுசா ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்க, நேரம் போதலன்னு வெட்டுறப்போ இதுல கை வைக்காதீங்க.

குரூப் நம்பர் பாடத்துக்கு ஸ்லைட் வேணாம். ஒவ்வொருத்தரும் தன் கடையில இருக்கிற போத்தல், வெறும் பெக்கட் எல்லாத்தையும் ஒரு பெட்டியில கொண்டு வரட்டும், தரையில பரப்பி ஒரே குரூப்ப ஒரே குவியலா சேக்க சொல்லுங்க. பெரிய தட்டு நெறய இருந்த சாமான் நாலஞ்சு குவியலுக்குள்ள அடங்குறத பாத்தா அவங்களே பேச ஆரம்பிச்சிருவாங்க. பிறகு கோவாப் புழுவுக்கு ஸ்பினோசாட் 5, குளோரான்ட்ரானிலிப்ரோல் 28, பீ.டி.ங்கிற பக்டீரியா மருந்து 11ன்னு எப்பிடி மாத்தி மாத்தி குடுக்கிறதுன்னு அவங்க வாயாலயே சொல்ல வையுங்க. கெழங்கு இலைய கருக வைக்கிற லேட் பிளைட் நோயும் இதே மாதிரி, மிஸ்ட் எறங்கி ஈரமா நிக்கிற நாள்ல மன்கோசெப் வர முன்னாடி இலைய காப்பாத்தும், வந்த பிறகு உள்ள போய் புடிக்காது. மெட்டலாக்சில் உள்ள போகும், ஆனா அதையே தொடர்ந்து அடிச்சா பங்கசு பழகிரும். இந்த வித்தியாசம் தெரிஞ்ச கடைக்காரர் "எப்ப இருந்து கருக ஆரம்பிச்சிச்சு?"ன்னு கேட்டுட்டுதான் தட்டு பக்கம் கை நீட்டுவார்.

அளவு கணக்கையும் கையால செய்ய வையுங்க. 16 லீட்டர் டேங்குக்கு எத்தன மில்லின்னு கேட்டா "ரெண்டு மூடி"ம்பாங்க. நாலு கம்பனி மூடிய எடுத்து தண்ணி ஊத்தி அளவு சிலிண்டர்ல அளந்து காட்டுங்க, மூடிக்கு மூடி அளவு வேறன்னு கண்ணால பாத்தா போதும்.

ஹட்டன், தலவாக்கலை பக்கத்து கடைகள நுவரெலியா பக்கத்து கடைகளோட ஒண்ணா போடாதீங்க. அங்க தேயிலை கேள்விதான் வரும். கிளைபோசேட்ங்கிற களைக்கொல்லிய 2015ல தடை பண்ணி, 2018ல தேயிலைக்கும் ரப்பருக்கும் திறந்து, பிறகும் மாறி மாறி சட்டம் வந்ததுல கடைக்காரரே கொழம்பிப் போயிருக்கார். கிளைபோசேட் இல்லாத காலத்துல எம்.சி.பி.ஏ.ங்கிற வேற களைக்கொல்லி அடிச்சு அந்த மிச்சம் தேயிலையில இருக்குன்னு ஜப்பான் பக்கம் பிரச்சினை ஆனத சொல்லுங்க, மரக்கறிக்கு விக்கிற மருந்த சிறுதோட்டக்காரருக்கு தூக்கி குடுத்தா அது கப்பல் வரைக்கும் போகும்னு புரியும். மரக்கறிப் பக்கம் அதே பாடம் லொறி ஏத்துற நாள வச்சு வரும். மருந்து அடிச்சு எத்தன நாள் கழிச்சு வெட்டணும்னு லேபிள்ல இருக்கு, "எப்ப வெட்டப் போறீங்க?"ன்னு கேட்டுட்டு அந்த நாளுக்குள்ள அடங்குற மருந்த எடுத்து குடுக்கப் பழகணும்.

நேரம்னா அரை நாள், அதையும் ரெண்டு தடவையா பிரிங்க. கெழங்கு போடுற மும்முரத்துலயும் சித்திரை வருசத்துக்கு முன்னாடியும் வைக்காதீங்க, ஒருத்தரும் வர மாட்டாங்க. லாபத்த பத்தியும் வெளிப்படையா பேசுங்க, மருந்து விக்காதீங்கன்னு மட்டும் சொல்லி அனுப்பினா அவர் கடை வாடகைய யார் கட்டுறது? கிளவுஸ், மாஸ்க், பூச்சிப் பொறி, வலை, பீ.டி. இதெல்லாம் வச்சாலும் வியாபாரம் நடக்கும்னு கணக்கு போட்டு காட்டணும்.

பயிற்சி முடிஞ்ச கையோட பேப்பர் குடுத்து மார்க் போடுறதுல எனக்கு நம்பிக்கை இல்ல. ஒரு போகம் போகட்டும், திரும்ப அதே கடையில போய் உக்காருங்க, இல்லன்னா தெரிஞ்ச விவசாயி ஒருத்தர்கிட்ட ஓட்டை விழுந்த கோவா இலை ஒண்ண குடுத்து அனுப்புங்க. "போன தடவை என்ன அடிச்சீங்க, போத்தல் இருக்கா?"ன்னு கவுண்டர்ல இருந்து கேள்வி வருதான்னு பாருங்க. வரலன்னா எந்த பகுதி போய் சேரலன்னு கண்டுபுடிச்சு அத மட்டும் மறுபடி நடத்துங்க.