முதல் வீடு: ரெண்டு பெட்ரூமா, மூணு பெட்ரூமா?

கல்யாணமாகி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும், இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், குழந்தை பற்றிய யோசனை வந்துவிட்டது, வாடகை வருடா வருடம் ஏறுகிறது, ஊரிலிருந்து போன் வந்தால் "சொந்தமா ஒண்ணு வாங்கிப் போடுங்க" என்பதில்தான் பேச்சு முடிகிறது. சென்னையில் இந்தக் கட்டத்தில் இருக்கிற பலர், எத்தனை பெட்ரூம் என்பதைப் பில்டரின் மாதிரி வீட்டில் ஏசி காற்று வாங்கிக்கொண்டே முடிவு செய்துவிடுகிறார்கள். அங்கே போவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது.

ஒரு தாளில் அடுத்த எட்டு வருடத்தை ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் எதிரே, அந்த வீட்டில் ராத்திரி யார் யார் படுப்பார்கள் என்று பெயர் போடுங்கள். நீங்கள் தனியாக, உங்கள் துணை தனியாக எழுதி அப்புறம் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. "எங்க அம்மா நிரந்தரமா நம்மகூடத்தான்" என்று ஒருவர் மனதுக்குள் வைத்திருப்பது அட்வான்ஸ் கொடுத்த பிறகு தெரிய வந்தால் கஷ்டம். எட்டு ஏன் என்றால், அதற்குள் முதல் குழந்தை ஒன்றாம் ரெண்டாம் வகுப்புக்கு வந்துவிடும், ரெண்டாவது வேண்டுமா வேண்டாமா என்பதும் தெளிவாகியிருக்கும். இருபது வருடத்துக்கு யோசித்தால் பயத்திலேயே பெரிய வீடாக வாங்கிவிடுவோம்.

இந்தத் தாள் என்ன சொல்லும் என்பதை ஓரளவு இப்போதே சொல்லிவிடலாம். முதல் பிரசவம் பல குடும்பங்களில் பெண்ணின் அம்மா வீட்டில்தான், வளைகாப்பு முடிந்து போனால் குழந்தையோடு திரும்பிவரச் சில மாதங்கள் ஆகும், அதுவரை உங்கள் வீட்டில் ராத்திரி ஒரே ஒரு ஆள். வந்த பிறகும் குழந்தை நாலைந்து வயது வரை உங்களோடுதான் படுக்கும். விளம்பரப் படத்தில் மேகமும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்து 'கிட்ஸ் ரூம்' என்று காட்டுகிறார்களே, அந்த அறையில் அவ்வளவு காலமும் மடிக்காத துணிதான் கிடக்கும்.

ரெண்டாவது அறை உண்மையில் பாட்டிக்குத்தான். சட்டப்படி சம்பளத்தோடு 26 வாரம் மகப்பேறு விடுப்பு, அது முடிந்ததும் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி வரும், க்ரெச் சரிப்படாவிட்டால் அம்மாவோ மாமியாரோ வந்துதான் ஆகவேண்டும். வருபவர் தனியாக வருவாரா, தாத்தாவும் கூட வருவாரா, ஆறு மாதமா, குழந்தை பள்ளிக்கூடம் போகும் வரையிலா? இருபக்கப் பெற்றோரும் மாறி மாறி வந்து போவார்கள் என்றால் ரெண்டு பெட்ரூம் தாராளமாகப் போதும். பெற்றோர் நிரந்தரமாக உங்களோடு இருக்கப் போகிறார்கள், ரெண்டாவது குழந்தையும் வேண்டும் என்றால் மூன்று வாங்குங்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மற்றபடி குழந்தைகள் ரெண்டு பேருக்கும் தனித்தனி அறை வேண்டுமே என்ற கவலை பத்து வயதுக்கு மேல்தான் வரும், அது இந்தத் தாளில் இல்லை.

அடுத்து பணம். விலை சதுர அடிக்கு 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 950 சதுர அடி ரெண்டு பெட்ரூம் 66.5 லட்சம், 1,300 சதுர அடி மூன்று பெட்ரூம் 91 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வங்கி வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்படியானால் கடன் 53.2 லட்சம், அல்லது 72.8 லட்சம். வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் லட்சத்துக்கு சுமார் 868 ரூபாய் இஎம்ஐ, ஆகவே சின்ன வீட்டுக்கு மாதம் 46,000 சொச்சம், பெரிய வீட்டுக்கு 63,000 சொச்சம். அந்த ஒரு அறைக்கு மாதம் 17,000 ரூபாய். மெயின்டனன்ஸும் சதுர அடிக் கணக்கில்தான் வாங்குவார்கள், அதில் இன்னும் ஓர் ஆயிரத்துச் சொச்சம்.

கையிலிருந்து போடவேண்டிய தொகையும் ஏறுகிறது. தமிழ்நாட்டில் பில்டரிடமிருந்து நேரடியாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத்தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம் தனி, கட்டி முடித்து நிறைவுச் சான்றிதழ் வாங்கிய பிறகு விற்றால் ஜிஎஸ்டி இல்லை. முத்திரைத்தீர்வைக்கும் பதிவுக்கும் வங்கி பொதுவாகக் கடன் தராது. மேலே சொன்ன ரெண்டு வீட்டுக்கும் இடையில், இதையெல்லாம் சேர்த்தால், கையிலிருந்து மட்டும் கூடுதலாக ஏழெட்டு லட்சம் போகும். பிரசவச் செலவு வரப்போகிற நேரத்தில் அந்த ஏழெட்டு லட்சம் பேங்கில் கிடப்பது எவ்வளவு தைரியம் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, பெரிய வீட்டின் இஎம்ஐ தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது? இஎம்ஐயிலிருந்து இப்போது கொடுக்கும் வாடகையைக் கழித்து, மீதியை அடுத்த ஆறு மாதத்துக்கு ஆர்.டி.யில் கட்டிப் பாருங்கள். அப்புறம் ஒருவர் சம்பளத்தை அப்படியே தொடாமல் வைத்து ரெண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் 26 வாரத்துக்குப் பிறகு சம்பளமில்லா விடுப்பு எடுக்கிறவர்கள், வேலையையே விட்டுவிட்டு ரெண்டு வருடம் கழித்துத் திரும்புகிறவர்கள் நிறைய. இதில் மூச்சு முட்டினால் மூன்று பெட்ரூம் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. 45 லட்சத்துக்குள் விலை, சென்னை போன்ற பெருநகரத்தில் கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் நீங்கள் உண்மையில் புழங்கும் பரப்பு, விவரம் கீழே) 60 சதுர மீட்டருக்குள், அதாவது 645 சதுர அடிக்குள் இருந்தால் ஜிஎஸ்டி 5 இல்லை, 1 சதவீதம்தான். கோவை, மதுரை, திருச்சி மாதிரி ஊர்களில் இந்த வரம்பு 90 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 968 சதுர அடி, அதற்குள் நல்ல ரெண்டு பெட்ரூம் வீடே அடங்கிவிடும். சென்னைக்காரர்கள் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

இப்போது அளவு. விளம்பரத்தில் போடும் சதுர அடி பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப், மாடிப்படி, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த கணக்கு. நீங்கள் கேட்கவேண்டியது கார்ப்பெட் ஏரியா. ரேரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிச்சுவர், பால்கனி, குழாய் போகும் டக்ட் எல்லாவற்றையும் கழித்து, உள்சுவர்களை மட்டும் சேர்த்து வருவது அது. 1,000 சதுர அடி என்று விற்கும் வீட்டில் 700, 750தான் கார்ப்பெட் தேறும். 1,050 சதுர அடிக்குள் மூன்று பெட்ரூம் தருகிறோம் என்று ஒரு பில்டர் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். அது ரெண்டு பெட்ரூம் வீட்டை மூன்றாக நறுக்கியது, ஹாலைத் தின்றுதான் அந்த மூன்றாவது அறை வந்திருக்கும். பத்துக்குப் பத்து அறையில் ஆறடிக் கட்டில் போட்டால் நாலடி மிச்சம், அதில் ரெண்டடி அலமாரிக்குப் போனால் நடக்க ரெண்டடி, அலமாரிக் கதவைத் திறந்தால் அதுவும் இல்லை. இதில் தொட்டில் எங்கே வைப்பது? என் கருத்தில் இந்தமாதிரி மூன்று பெட்ரூமை விட, ஒரு அறையாவது பதினொன்றுக்குப் பன்னிரண்டு இருக்கிற ரெண்டு பெட்ரூம் எவ்வளவோ மேல். டேப் எடுத்துக்கொண்டு போங்கள். மாதிரி வீட்டில் சில சமயம் கட்டிலையே சின்னதாகச் செய்து போட்டிருப்பார்கள், அதையும் அளந்துவிடுங்கள்.

குழந்தை வரப்போகிற வீடு என்றால் பெட்ரூம் எண்ணிக்கையை விட முக்கியமான சில இடங்கள் இருக்கின்றன, அவற்றை விற்பனைப் பிரிவில் யாரும் காட்ட மாட்டார்கள். முதலில் பாத்ரூம். பாட்டி முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும், பக்கத்தில் வெந்நீர் வாளி, துண்டோடு நிற்க இன்னொரு ஆள். நாலுக்கு ஏழு பாத்ரூமில் கண்ணாடித் தடுப்பு வேறு போட்டிருந்தால் இதெல்லாம் நடக்காது. ரெண்டில் ஒரு பாத்ரூமாவது ஐந்துக்கு எட்டு இருக்கட்டும்.

அப்புறம் தூளி. பழைய வீடுகளில் உத்தரத்தில் கட்டினார்கள், இப்போது கான்கிரீட் தளத்தில் கொக்கி வைத்தால்தான் உண்டு. கட்டுமானத்தில் இருக்கிற வீடு என்றால் தளம் போடும் முன்பே கம்பியோடு சேர்த்து ஒரு கொக்கி விடச் சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவரிடமும் அந்த இடத்தை மூட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

துணி காயப்போடும் இடம் அடுத்தது. ஒரு நாளைக்கு ஈரமாகிற துணிக்குக் கணக்கே கிடையாது, ஐப்பசி கார்த்திகை மழையில் அது காயவும் காயாது. கிச்சனை ஒட்டி யுடிலிட்டி, அதில் வாஷிங் மெஷின் பாயின்ட், ரெண்டு வரிசைக் கொடி கட்ட அகலம், முடிந்தால் மதியம் வெயில் விழும் பால்கனி. பால்கனியில் கம்பிகளுக்கு நடுவே குழந்தையின் தலை நுழையுமா என்று பாருங்கள். பரண் எத்தனை என்றும் எண்ணிக்கொள்ளுங்கள், சின்ன வீட்டைக் காப்பாற்றுவது பரண்தான்.

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் உடனே "அப்போ ஆபீஸ் ரூம்?" என்பார்கள். அதற்கு முழு பெட்ரூம் வேண்டியதில்லை. சில பில்டர்கள் 2.5 என்று விற்கிறார்கள், அந்த அரை அறையில் கதவும் ஜன்னலும் இருந்தால் வாங்கலாம். ஜன்னல் இல்லாவிட்டால் அது ஸ்டோர் ரூம்தான், அதற்குப் பெட்ரூம் விலை கொடுக்காதீர்கள்.

இன்னும் முடிவு வரவில்லை என்றால், அதே குடியிருப்பில் ரெண்டு பெட்ரூம் ஒன்றைப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்து இருந்து பாருங்கள், வேண்டுமென்றே இருபக்கப் பெற்றோரையும் ஒரு வாரம் வரச் சொல்லுங்கள். தண்ணீர் லாரி எத்தனை வருகிறது, மேல்மாடிச் சத்தம் எப்படி என்பதும் அப்போதுதான் தெரியும்.

பிடித்த வீடு கிடைத்துவிட்டால் தமிழ்நாடு ரேராவின் இணையதளத்தில் அந்தத் திட்டத்தைத் தேடி, அங்கே பதிந்திருக்கும் கார்ப்பெட் ஏரியாவும் உங்களிடம் சொன்னதும் ஒன்றுதானா என்று பாருங்கள். யுடிஎஸ், அதாவது குடியிருப்பு நிற்கும் நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு என்பதையும் கேட்டு வாங்குங்கள், நாளைக்கு இதை விற்றுப் பெரியதாக வாங்கும்போது விலை பேசுவது அந்த மண்தான். கார்ப்பெட் ஏரியா, யுடிஎஸ், தூளிக் கொக்கி எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி அது பதிவாகும் வரை வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் ஒரு பில்டர் முன்பணம் வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, அவசரப்படுத்தினாலும் அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.